அடுத்தவர் கிடங்கில் நம் பேரேடு

நியூயார்க் மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில், இரும்புத் தாது தீர்ந்துபோன பழைய சுரங்கம் ஒன்று இருந்தது. 1936இல் ஹெர்மன் நாஸ்ட் என்பவர் அந்தச் சுரங்கத்தையும் சுற்றியிருந்த 100 ஏக்கர் நிலத்தையும் 9,000 டாலருக்கு வாங்கினார். அவருக்கு இரும்பு தேவைப்படவில்லை. சுரங்கத்தின் இருட்டும் குளிர்ச்சியும்தான் தேவைப்பட்டன. காளான் வளர்த்து விற்பது அவர் தொழில். 'காளான் ராஜா' என்றே அவரை அழைத்தார்கள். 1950 வாக்கில் காளான் சந்தை மாறிப்போனதும் அந்த இடத்துக்கு வேறு பயன் தேட வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்த யூத அகதிகள் சிலருக்கு நாஸ்ட் ஆதரவளித்திருந்தார். தாங்கள் யார் என்று காட்ட ஒரு காகிதம்கூட இல்லாமல் வந்தவர்கள் அவர்கள். வீடு போனால் கட்டிக்கொள்ளலாம். பிறப்புச் சான்றும் பத்திரமும் போனால் மனிதனே இல்லாதவன் போல் ஆகிவிடுகிறான் என்பதை நாஸ்ட் நேரில் பார்த்தார். அணுகுண்டு அச்சம் அமெரிக்காவை ஆட்டிவைத்த காலமும் அதுதான். 1951இல் அவர் 'அயர்ன் மவுன்டன் அட்டாமிக் ஸ்டோரேஜ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சுரங்கத்துக்குள் பாதுகாப்பு அறைகளைக் கட்டினார். விற்பனை அலுவலகத்தை எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் திறந்தார்.

முதல் வாடிக்கையாளர் ஈஸ்ட் ரிவர் சேவிங்ஸ் பேங்க். வைப்புக் கணக்குகளின் மைக்ரோஃபிலிம் பிரதிகளையும் கையெழுத்து அட்டைகளின் நகல்களையும் கவச வண்டிகளில் ஏற்றிச் சுரங்கத்துக்கு அனுப்பியது. இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கி அனுப்பியவை பிரதிகள். மூலம் வங்கியிலேயே இருந்தது. அடுத்தவர் கிடங்கில் ஆவணம் வைக்கும் தொழில் பிறந்தபோது அதற்கு இருந்த முதல் விதி அதுதான். அடுத்த 70 ஆண்டுகளில் அந்த விதி எப்படித் தலைகீழானது என்பதுதான் கிளவுட், அதாவது மேகச் சேமிப்பின் வரலாறு.

1956இல் ஐபிஎம் நிறுவனம் ரேமாக் கணினியை அறிவித்தது. அதில்தான் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் இருந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கப்பட்ட, ஒரு டன்னுக்கும் கூடுதலான எடையுள்ள அந்தப் பெட்டி 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அந்த இடம் சரியாகிவிடும். கணினியோடு சேர்த்து மாத வாடகை 3,200 டாலர். வாடகைக்கு எடுத்த பெட்டிதான் என்றாலும், அது இருந்தது வாடிக்கையாளரின் கட்டடத்தில். சாவி அவர் கையில்.

பிறகு பல பத்தாண்டுகள் இதே ஏற்பாடுதான். 1980களில் நோவல் நெட்வேர் வந்தபின் சிறிய அலுவலகங்களுக்கும் ஃபைல் சர்வர் வந்தது. கணக்கும் கடிதமும் ஒப்பந்தமும் ஒரே பெட்டியில் சேர்ந்தன. இரவில் எல்லாவற்றையும் டேப்பில் எடுத்து, அந்த டேப்பை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். பெரிய நிறுவனங்களின் டேப்புகள் அயர்ன் மவுன்டன் போன்ற கிடங்குகளுக்குப் போயின. சலிப்பூட்டும் வேலை. ஆனால் அந்தச் சலிப்புக்குள் இரண்டாவது பிரதி பத்திரமாக இருந்தது.

இணையம் வழியே இடம் வாடகைக்கு விடும் முதல் முயற்சி டாட்காம் அலையில் வந்து, அந்த அலையோடே வடிந்தது. 1998இல் தொடங்கிய ஸ்டோரேஜ் நெட்வொர்க்ஸ் 2000இல் பங்குச் சந்தைக்கு வந்து 2003இல் கடையைக் கட்டியது. 1999இல் வந்த எக்ஸ்டிரைவை 2005இல் ஏஓஎல் வாங்கியது; 2009 தொடக்கத்தில் மூடிவிட்டது. அன்றைய இணைய வேகத்துக்கு அந்த யோசனை பொருந்தவில்லை.

2006 மார்ச் 14 அன்று அமேசான் எஸ்3 சேவையை வெளியிட்டது. ஒரு ஜிபிக்கு மாதம் 15 சென்ட். ஒப்பந்தப் பேச்சு இல்லை, முன்பணம் இல்லை, கிரெடிட் கார்டு இருந்தால் போதும். அதற்கு முன் சேமிப்பிடம் வேண்டுமானால் பெட்டி வாங்க வேண்டும், அதை வைக்கக் குளிரூட்டிய அறை வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அமேசான் அதை மின்சாரம் போல அளந்து விற்கத் தொடங்கியது. அந்த விலைப்பட்டியல் இல்லாமல் அடுத்து வந்த சேவைகள் பலவும் பிறந்திருக்காது.

அப்படிப் பிறந்தவற்றில் டிராப்பாக்ஸ் முக்கியமானது. எம்ஐடியில் படித்த ட்ரூ ஹூஸ்டன் பாஸ்டனிலிருந்து நியூயார்க் செல்லும் பேருந்தில் ஏறியபின், பென்டிரைவை மறந்து வந்தது நினைவுக்கு வந்து, அங்கேயே நிரல் எழுதத் தொடங்கினார் என்ற கதை பிரபலம். அவரும் அராஷ் ஃபெர்தோவ்ஸியும் 2007இல் நிறுவனத்தைத் தொடங்கி, 2008 செப்டம்பரில் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதன் சாமர்த்தியம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. ஒவ்வொரு கோப்பையும் 4 எம்பி அளவுள்ள துண்டுகளாக வெட்டி, மாறிய துண்டை மட்டும் மேலே அனுப்பும். பெரிய கோப்பில் ஓரிடத்தைத் திருத்தினால் முழுக் கோப்பும் மறுபடி ஏற வேண்டியதில்லை. அந்தத் துண்டுகள் அமேசானின் எஸ்3இல்தான் கிடந்தன. அதாவது, வாடிக்கையாளர் டிராப்பாக்ஸிடம் கொடுத்த கோப்பை டிராப்பாக்ஸ் அமேசானிடம் கொடுத்து வைத்திருந்தது. பின்னர் 'மேஜிக் பாக்கெட்' என்ற பெயரில் சொந்தமாகக் கட்டமைப்பை எழுப்பி, 500 பெட்டாபைட் அளவுக்கு வளர்ந்திருந்த அந்தக் குவியலின் பெரும்பகுதியை 2015க்குள் தன் கிடங்குக்கு மாற்றிக்கொண்டது. அதனால் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவு மிச்சமானதை 2018இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தன் ஆவணங்களில் காட்டியது. வெளியேறும் வழி தெரிந்த வாடிக்கையாளருக்கு என்ன லாபம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

டிராப்பாக்ஸை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தது நிர்வாகம் அல்ல, ஊழியர்கள். வீட்டில் பழகியதை அவர்களாகவே வேலையிலும் பயன்படுத்தினார்கள். நிறுவனத்தின் ஒப்பந்தங்களும் விலைப்பட்டியல்களும் ஊழியரின் சொந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தன. 2012இல் ஐபிஎம் தன் ஊழியர்கள் டிராப்பாக்ஸ் பயன்படுத்தக் கூடாது என்று தடைவிதித்த செய்தி வெளிவந்தது. ரேமாக்கை உலகுக்குத் தந்த அதே ஐபிஎம். அந்த அச்சம் வீணல்ல என்பதும் தெரிந்தது. அதே 2012இல் டிராப்பாக்ஸ் ஊழியர் ஒருவர் வேறு தளத்திலும் பயன்படுத்திய கடவுச்சொல் திருடுபோய், அதன் வழியே உள்ளே புகுந்தவர்கள் 6.8 கோடிக் கணக்குகளின் மின்னஞ்சல் முகவரிகளையும், குறியாக்கம் செய்யப்பட்ட கடவுச்சொற்களையும் எடுத்துச் சென்றிருந்தார்கள். அதன் முழு அளவு 2016இல்தான் வெளியே வந்தது.

நிர்வாகத்தின் கதவை நேராகத் தட்டியவர்கள் பாக்ஸ் நிறுவனத்தார். ஆரன் லெவியும் டிலன் ஸ்மித்தும் 2005இல், கல்லூரிப் படிப்பு முடியும் முன்பே தொடங்கிய நிறுவனம் அது. முதலில் அவர்களும் தனிநபர்களுக்குத்தான் விற்றார்கள். 2007 வாக்கில் நிறுவனங்களின் பக்கம் முழுமையாகத் திரும்பினார்கள். திரும்பியபின் அவர்கள் விற்றது இடத்தை அல்ல, அனுமதியை. யார் பார்க்கலாம், யார் பதிவிறக்கலாம், யார் மேலேற்ற மட்டும் செய்யலாம் என்று ஏழு நிலைகளாகப் பிரித்தார்கள். மேல் கோப்புறையில் கொடுத்த அனுமதி கீழே உள்ள எல்லாவற்றுக்கும் இறங்கும். 2015இல் குறியாக்கச் சாவியை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். வழக்கறிஞர் அலுவலகமும் மருத்துவமனையும் வங்கியும் பாக்ஸை ஏன் விரும்பின என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட்டின் வழி வேறு. 2007இல் வந்த ஸ்கைடிரைவ், பிரிட்டனின் பிஸ்கைபி நிறுவனம் தொடுத்த பெயர் வழக்கில் தோற்று 2014இல் ஒன்டிரைவ் ஆனது. அதைத் தனியாக விற்பதைவிட, வேர்டும் எக்செலும் அடங்கிய ஆஃபீஸ் 365 சந்தாவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஏற்கெனவே எக்செலுக்குப் பணம் கட்டும் நிறுவனத்துக்கு ஆளுக்கு ஒரு டெராபைட் கூடவே வந்தது. தரத்தை ஒப்பிட்டு ஒன்டிரைவைத் தேர்ந்தவர்களைவிட, கையில் இருந்ததால் அதிலேயே நின்றவர்கள்தான் அதிகம் என்று சொல்வது தவறாகாது.

கூகுள் டிரைவின் கதையில் நம்மவர் ஒருவர் வருகிறார். 2000களின் பிற்பகுதியில் கூகுளுக்குள் ஜிடிரைவ் என்ற திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. கோப்பு என்பதே பழைய காலத்துச் சரக்கு, எல்லாம் இணையத்திலேயே இருக்கும்போது கோப்பு எதற்கு என்று வாதாடி அதை நிறுத்தச் செய்தவர் சுந்தர் பிச்சை. ஸ்டீவன் லெவி கூகுளைப் பற்றி எழுதிய நூலில் இது பதிவாகியிருக்கிறது. 2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் டிரைவை உலகுக்கு அறிவித்தவரும் அதே சுந்தர் பிச்சைதான். ஆனால் அவருடைய பழைய வாதம் டிரைவின் உடம்பிலேயே தங்கிவிட்டது. கூகுள் டாக்ஸில் எழுதிய ஆவணம் கணினியின் கோப்புறையில் தெரியும். அது வெறும் சுட்டிதான், உள்ளே எழுத்து இருக்காது. உண்மையான கோப்பாக வெளியே எடுக்க வேண்டுமானால் வேர்டு, எக்செல் போன்ற வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். பத்துப் பேர் ஒரே தாளில் ஒரே நேரத்தில் எழுத கூகுளைப் போல வசதி அன்று வேறெங்கும் இல்லை. அந்த வசதிக்கான விலை இது.

2017ஆம் ஆண்டை இந்தத் தொழிலின் திருப்பம் என்று சொல்ல வேண்டும். ஆனால் பெரிதாகப் பேசப்படாத திருப்பம். அதுவரை டிராப்பாக்ஸும் ஒன்டிரைவும் பெரும்பாலும் கோப்புகளின் முழுப் பிரதியை அலுவலகக் கணினியிலும் வைத்திருந்தன. மேகத்தில் ஒன்று, மேசையில் ஒன்று. அந்த ஆண்டில் டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள், பாக்ஸ் நான்குமே கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டி, தொட்டால் மட்டும் இறக்கித் தரும் வசதியைக் கொடுத்தன. டிஸ்க்கில் இடம் மிச்சமானது. அதோடு மேசையில் இருந்த பிரதியும் போனது. இருந்த பிரதிகூடப் பாதி பாதுகாப்புதான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதுதான் இரு பக்கத்தையும் ஒன்றுபோல் வைக்கும் சிங்க் முறையின் இயல்பு. ஆனாலும் இணைப்பு அறுந்த நாளில் கையில் ஏதோ இருந்தது. இப்போது மூலம் முழுவதும் அடுத்தவர் கிடங்கில். ஈஸ்ட் ரிவர் வங்கி கடைப்பிடித்த விதி அங்கே முழுதாகக் கவிழ்ந்தது.

இதே காலத்தில்தான் 'அளவில்லாத இடம்' என்ற வாக்குறுதியும் வந்தது, போனது. 2014 ஜூனில் கூகுள் நிறுவனங்களுக்கு ஆளுக்கு மாதம் 10 டாலரில் எல்லையற்ற இடம் தருவதாக அறிவித்தது. அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபீஸ் சந்தாதாரர்களுக்கும் அதே வாக்குறுதியைக் கொடுத்து, சிலர் 75 டெராபைட்டுக்கு மேல் கொட்டிவிட்டார்கள் என்று சொல்லி 2015 நவம்பரில் திரும்பப் பெற்றது. அமேசானின் தனிநபர் சேவை 2015இல் கொடுத்து 2017இல் எடுத்தது. கூகுளும் டிராப்பாக்ஸும் 2023 வரை தாக்குப்பிடித்தன. கிரிப்டோ சுரங்கக்காரர்களும் இடத்தை மறுவிற்பனை செய்தவர்களும் நிரப்பிவிட்டார்கள் என்று டிராப்பாக்ஸ் காரணம் சொன்னது. காரணம் எதுவாக இருந்தாலும், நேர்மையாகப் பயன்படுத்திய நிறுவனங்களும் அவசர அவசரமாக இடம் தேட வேண்டியதாயிற்று. கொடுத்தவர் நினைத்தபோது எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றை விலைப்பட்டியலில் முதல் வரியாகப் பார்த்துத் தேர்ந்தது தவறு.

கிடங்கே மூடப்பட்ட நாட்களும் உண்டு. 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தைப் பதிப்புரிமை வழக்கில் முடக்கியபோது, திருட்டுப் படங்களோடு சேர்ந்து ஓஹியோ மாநிலத்தில் பள்ளி விளையாட்டுகளைப் படம்பிடித்து விற்ற ஒரு சிறு தொழில்காரரின் காணொளிகளும் பூட்டுக்குள் போயின. அவர் நீதிமன்றம் வரை அலைந்தார். 2013 செப்டம்பரில் சான் டியாகோவின் கிளவுட் சேமிப்பு நிறுவனமான நிர்வானிக்ஸ் தன் நிறுவன வாடிக்கையாளர்களை இரண்டே வாரத்தில் தரவை எடுத்துக்கொண்டு போகச் சொன்னது. எடுத்துப் போக வேண்டியது லாரிச் சுமை அல்ல. டெராபைட் கணக்கில், ஒரே கம்பி வழியே, எல்லாரும் ஒரே நேரத்தில். அடுத்த மாதமே அது திவாலானது.

2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் தீப்பிடித்து முழுவதும் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. லட்சக்கணக்கான இணையதளங்கள் இருண்டன. பேக்கப்புக்கும் சேர்த்தே பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளர் பின்னர் வழக்குத் தொடுத்தார். அவருடைய பேக்கப், மூலம் இருந்த அதே கட்டடத்தில் இருந்தது. காகிதக் கிடங்குகளுக்கும் தீ புதிதல்ல. அயர்ன் மவுன்டனின் புவனோஸ் ஐரிஸ் கிடங்கு 2014 பிப்ரவரியில் எரிந்தபோது தீயணைக்கப் போனவர்கள் உயிரையே விட்டார்கள். மேகம் என்ற சொல் மறைப்பது இதைத்தான். மேகத்துக்கும் சுவர் உண்டு, மின்கம்பி உண்டு, தீயும் பிடிக்கும்.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில், இடம் மாற்றிக்கொண்டிருந்த லித்தியம் பேட்டரிகளிலிருந்து தீ கிளம்பியது. அந்த நாட்டின் அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமிக்கும் ஜி-டிரைவ் (கூகுளின் ஜிடிரைவ் அல்ல) அங்கே இருந்தது. ஆளுக்கு 30 ஜிபி. சில துறைகள் அதில் மட்டுமே சேமித்துவந்தன. அழிந்தது 858 டெராபைட். அளவு பெரிது, அதனால் வெளியே பிரதி எடுக்கும் ஏற்பாடு இல்லை என்பதுதான் கிடைத்த விளக்கம். உலகின் முன்னணி இணைய நாடுகளில் ஒன்றில், அரசாங்கமே தன் பேரேட்டுக்கு இரண்டாவது பிரதி வைக்கவில்லை. இது மன்னிக்கக்கூடிய பிழை அல்ல.

ஆஸ்திரேலியாவில் 2024 மே மாதம் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஓய்வூதியத்தை நிர்வகிக்கும் யூனிசூப்பர் தன் கணினி அமைப்பைக் கூகுள் கிளவுடில் வைத்திருந்தது. அதை நிறுவியபோது கூகுள் தரப்பில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் விடுபட்டது. அதனால் ஒப்பந்தக் காலம் ஓராண்டு என்று அமைப்பே எடுத்துக்கொண்டு, ஆண்டு முடிந்ததும் யூனிசூப்பருக்கென இருந்த தனி கிளவுடை அழித்துவிட்டது. டிஸ்க் கெடவில்லை, தீ பிடிக்கவில்லை, யாரும் திருடவில்லை. சேமித்ததை இழக்கவே மாட்டோம் என்று எஸ்3 சொல்லும் 'பதினொரு ஒன்பது' சதவீத உறுதி, அதாவது 99.999999999, டிஸ்க் கெடுவதற்கு எதிரான கணக்கு. கணக்கையே யாரோ அழித்தால் அந்த எண் உதவாது. யூனிசூப்பர் பிழைத்ததற்கு, வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது ஒரு முக்கியக் காரணம். ஒரு வாரத்துக்கு மேல் உறுப்பினர்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். ஆனால் பணக்கணக்கு மீண்டு வந்தது.

சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. எஸ்3 போன்ற சேவைகளில் தரவை வெளியே எடுக்கக் கட்டணம் வாங்குவது வழக்கம். உள்ளே போட இலவசம், எடுக்கக் காசு. 2024 தொடக்கத்தில் கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்டும், தங்கள் சேவையை விட்டு முழுவதுமாக வெளியேறுவோருக்கு அதைத் தள்ளுபடி செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2027 ஜனவரி 12 முதல் சேவை மாறுவதற்குக் கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் காக்க வேண்டும். மின்வடிவில் வைத்திருந்தால் அதன் பேக்கப் இந்திய மண்ணில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். முன்பு அவ்வப்போது எடுத்தால் போதும் என்றிருந்ததை 2022 ஆகஸ்டில் தினமும் என்று திருத்தினார்கள். டிராப்பாக்ஸா, ஒன்டிரைவா, சென்னையில் வேரூன்றிய ஸோஹோவின் ஒர்க்டிரைவா என்று பேசும் திருப்பூர் பனியன் கம்பெனியும் சிவகாசி அச்சகமும் முதலில் இந்த விதியை எடுத்துப் படிக்க வேண்டும்.

இந்தச் சேவைகளை இடத்தையும் விலையையும் மட்டும் வைத்துத் தேர்ந்தால் போதாது. வேகமான சிங்க் வேண்டுமானால் டிராப்பாக்ஸ், கண்டிப்பான அனுமதி வேண்டுமானால் பாக்ஸ், எக்செலோடு வாழ்பவர்களுக்கு ஒன்டிரைவ், சேர்ந்து எழுதுபவர்களுக்கு கூகுள் என்பது பிறந்த கதையிலேயே எழுதப்பட்டது. இன்றும் பெரிதாக மாறவில்லை. எதைத் தேர்ந்தாலும், அடுத்த சந்தாவைப் புதுப்பிக்கும் முன் ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். கடந்த ஆண்டுக் கணக்குக் கோப்புறை ஒன்றை முழுவதுமாக வெளியே எடுத்து, அந்தச் சேவையோடு தொடர்பில்லாத ஒரு கணினியில் திறந்து பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை கோப்பு திறக்கவில்லை என்று ஒரு தாளில் குறித்து, எடுத்த பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள்.